கிளியும் செங்கலும்

அத்தா,

என் கையில் இன்னும் மெழுகு வாடை இருக்கிறது. சீயக்காய் போட்டு இரண்டு தடவை கழுவியும் போகவில்லை. மெழுகும் வெந்த ரப்பரும் பேட்டரித் தண்ணீரும் கலந்த வாடை. கார் கொட்டகையிலிருந்து வந்து என் தலையில் கை வைப்பீர்களே, அப்போது வரும் அதே வாடை. சாயங்காலம் சோறு பிசையும்போது அது மூக்கில் ஏறியது. நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பிசைந்த கை அப்படியே தட்டில் நின்றுவிட்டது.

அம்மா இப்போது தூங்குகிறாள். சிம்னி விளக்கின் திரியை இறக்கி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, பூகோள நோட்டின் கடைசித் தாள்களைக் கிழித்து எழுதுகிறேன். மவுத்தாகிப் போனவர்களுக்கு மகள் எழுதுகிறாள் என்று தெரிந்தால் அம்மா கலங்கிவிடுவாள். எனக்கும் பயம்தான். நீங்கள் போனதிலிருந்து கதவு தட்டினால் பயம், வக்கீல் ஐயா செருமினால் பயம், பள்ளிக்கூடத்தில் டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிட்டால்கூடப் பயம். ஆனால் இன்றைக்கு நடந்ததை உங்களிடம் சொல்லாமல் படுக்க முடியாது.

நீங்கள் போன நாளிலிருந்து அம்மா இத்தா இருக்கிறாள். வெள்ளைச் சேலை உடுத்துகிறாள். வாசல் தாண்டுவதில்லை, அந்நிய ஆண்களின் முன்னால் வருவதில்லை. நான்கு மாதமும் பத்து நாளும் அப்படி இருக்க வேண்டும், அதுவும் உங்களோடு வாழ்ந்த வீட்டிலேயே இருந்து முடிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்த வீடு நம்முடையதில்லையே. வக்கீல் ஐயா பங்களாவின் பின்பக்கம், கார் கொட்டகையை ஒட்டி, டிரைவருக்கென்று கட்டிய அறையும் அடுப்படியும்தானே. புது டிரைவர் குடும்பத்தோடு குடிவரக் காத்துக்கொண்டிருக்கிறார். அப்படியும் ஐயா உங்கள் மூன்றாம் நாள் ஃபாத்திஹா அன்று கொட்டகை வாசலில் நின்று, கதவுக்குப் பின்னால் இருந்த அம்மாவுக்குக் கேட்கும்படி என்னிடம் சொன்னார்:

"ராவுத்தர் அந்தக் காரப் பெத்த புள்ள மாதிரிப் பாத்துக்கிட்டாரு. ஒங்கம்மா இத்தா முடியிற வரைக்கும் ஒங்கள யாரும் எழுப்ப மாட்டாங்க."

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இருந்தோம். இந்த வாரம் அந்த வார்த்தைக்கே ஆபத்து வந்துவிட்டது. வந்ததும் அந்தக் காராலேதான்.

நீங்கள் படுத்ததிலிருந்து கார் கொட்டகையிலேயே நின்றது. இரண்டே பேர் உட்காரும் அந்தக் குட்டைக் காரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் கால்கள்தான் ஞாபகம் வரும். உடம்பு முழுக்க உள்ளே இருக்கும், கால் இரண்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் வக்கீல் ஐயாவிடம் விட்டுவிட்டுப் போன கார். ஊரில் அதற்கு ரேஸ் கார் என்று பேர். டீக்கடையில் உங்களைக் கேலி செய்வார்களாம், ரேஸ் கார் ஆலங்குடி போறதுக்குள்ள நாலு எடத்துல நிக்குதே என்று. ஓடுறவன் மூச்சு வாங்க வேணாமா என்று கேட்டுவிட்டு நீங்கள் டீயைக் குடிப்பீர்களாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள்.

இன்ஜின் தங்கம், வயர்தான் வியாதி என்பீர்கள். சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்பு டிக் டிக் என்று அடிக்க வேண்டும். சில நாள் காலையில் அடிக்காது. ஸ்பேனரைத் திருப்பிப் பிடித்து, தூங்குகிற பிள்ளையின் தோளைத் தொடுகிற மாதிரி அதை மெல்லத் தட்டுவீர்கள். "எந்திரி ராசா, ஐயாவுக்குக் கோர்ட்டுக்கு நேரமாச்சு." அது எழுந்து அடிக்கும். பேட்டரியின் முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பூவை வெந்நீர் ஊற்றிக் கழுவுவதும், அதன்மேல் வாஸ்லின் தடவுவதும், டைனமோவின் கரியைத் துணியால் துடைப்பதும் உங்களுக்குத் தொழுகை மாதிரி, வேளை தப்பாது. அந்த வேலைகளுக்கெல்லாம் நான் தேவையில்லை. வயர் என்று வந்தால்தான் என்னைக் கூப்பிடுவீர்கள்.

சின்ன வயதில் அதை நான் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்து, வெயிலைப் பிடித்து டாஷ்போர்டுக்கு அடியில் அடிக்கச் சொல்வீர்கள். தலையை உள்ளே விட்டுக்கொண்டு ஒரு வயரை இழுத்துக் காட்டி, "இது என்ன புள்ள?" என்று கேட்பீர்கள். வயருக்கு மேல் பின்னிய நூல்தான் நிறம். பழுப்பு வயரில் எப்போதும் கரண்ட் இருக்கும். பச்சையில் சாவி போட்டால்தான் வரும். சிவப்பு விளக்குக்குப் போவது. மூன்றும் உங்கள் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன என்பது எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. அதற்கு முன்னாலேயே நாம் அவற்றுக்குப் பேர் வைத்துவிட்டோம். பழுப்பு செங்கல். பச்சை கிளி. சிவப்பு மிளகாய்.

ஒரு நாள் நான் "கிளி, கிளி, அந்தப் பக்கமும் ஒரு கிளி" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது ஐயா பின்னால் வந்து நின்றுவிட்டார். எங்கேம்மா கிளி என்று கேட்டார். நீங்கள் காருக்குள்ளிருந்தே, "மாமரத்துல ஐயா, புள்ளைக்கு வேலையில புத்தி நிக்க மாட்டேங்குது" என்றீர்கள். ஐயா கொஞ்ச நேரம் மாமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

நம் வீட்டு மிளகாய்ச் செடியில் பழம் தொங்கினால் உங்களுக்குத் தெரியாது. "செடி பூரா பழமாத் தொங்குது, இவங்க கண்ணுக்கு மட்டும் எல்லாம் எலை" என்று அம்மா சிரிப்பாள். வெளியே மட்டும் அவள் அதைச் சொன்னதேயில்லை. லைசென்ஸ் எடுக்கப் போனபோது டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டாராம், நிறத்தைக் கேட்கவில்லையாம். நம் ஊரில் சிவப்பு விளக்கு இருப்பதே ரயில்வே கேட்டில்தான். அங்கே விளக்கை யார் பார்க்கிறார்கள், கேட் சாத்தியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்றுதானே பார்க்க வேண்டும் என்பீர்கள். நீங்கள் ஓட்டி ஒரு கோழிக்குக்கூட அடிபட்டதில்லை.

ஒரு பெருநாளைக்கு நான் காய்ச்சலில் கிடந்தேன். நீங்கள் தனியாகக் கீழ ராஜ வீதிக்குப் போய் அம்மாவுக்குச் சேலை எடுத்து வந்தீர்கள். அம்மா ஆசைப்பட்டது செங்கல் நிறம். கடைக்காரரைக் கேட்காமலே குவியலிலிருந்து நீங்களே எடுத்தீர்களாம். பிரித்துக் காட்டி, "நீ கேட்ட செங்கக் கலருதானே?" என்று கேட்டீர்கள். அம்மா ஒரு நிமிஷம் பார்த்தாள். நான் பாயில் கிடந்தபடி வாயைத் திறக்கப் போனேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். நான் கேட்டதேதான் என்று அவள் அதை மடியில் வைத்துத் தடவினாள். பெருநாளன்று அதைத்தான் உடுத்தினாள். அதற்குப் பின் வந்த பெருநாள்களிலும்.

பிறகு எலி வந்தது. ஒரு மழைக்காலத்தில் கொட்டகையில் புகுந்து வயரின் நூலையெல்லாம் கொறித்துப் போட்டுவிட்டது. சீமை வயர் இங்கே கிடைக்கவில்லை. கடையில் இருந்தது ஒரே மாதிரியான கறுப்பு வயர்தான். கட்டுக் கட்டாக வாங்கி வந்து நீங்களே எல்லாவற்றையும் மாற்றினீர்கள். "கலரு போனது நல்லதாப் போச்சு. இப்ப எல்லாரும் என்ன மாதிரித்தான்" என்று சிரித்தீர்கள். எது எது என்று தெரிய ஒரு வழி வேண்டுமே. கோட்டைப்பட்டினத்தில் சின்ன வயதில் வலை பின்னிய கை உங்களுடையது. மெழுகு தேய்த்த வலைநூலை ஒவ்வொரு வயரின் இரண்டு நுனியிலும் சுற்றி முடிச்சுப் போட்டீர்கள். எப்போதும் கரண்ட் இருக்கும் வயருக்கு ஒன்று. சாவிக்கு அடங்கியதற்கு இரண்டு. விளக்குக்கு மூன்று. டைனமோவுக்கு நான்கு. பாதி முடிச்சை நான்தான் போட்டேன். என் முடிச்சு வழுக்குகிறது என்று இரண்டு தடவை அவிழ்க்கச் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு உங்களுக்கு என் கண் தேவைப்படாது என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் "கண்ணாடிய எடுத்துக்கிட்டு வா புள்ள" என்று கூப்பிட்டீர்கள். வழக்கம்போல வெயிலைப் பிடித்து உள்ளே அடித்தேன். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுந்தது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் முடிச்சை எண்ணிக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் எதற்கு என்னைக் கூப்பிட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. கண்ணாடியை ஆட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வாரம் திருச்சியிலிருந்து ஓர் எலக்ட்ரீசியனை ஐயா வரவழைத்தார். வாய் நிறைய வெற்றிலை போட்டுக்கொண்டு, ஏதாவது சொல்லிச் சிரித்துக்கொண்டே வேலை செய்கிறவர். கெட்டவர் இல்லை. ஆனால் எடுத்தவுடன் டாஷ்போர்டுக்கு அடியில் எல்லா வயரையும் கழற்றிவிட்டார். கழற்றின பிறகுதான் எல்லாம் கறுப்பு என்று பார்த்திருக்கிறார். நூலெல்லாம் வயரைச் சேர்த்துக் கட்டியதில் மிஞ்சியது என்று நினைத்து அந்தப் பக்கத்து நூலை அறுத்தும் போட்டுவிட்டார். மறுபடி மாட்டினால் விளக்குப் போட்டதும் ஹாரன் அலறியது, புகை வந்தது. நம் ஜன்னலுக்கு எல்லாம் கேட்டது.

"ஐயா, இது கார் வயரிங் இல்ல, தூக்கணாங்குருவிக் கூடு" என்றார் அவர். "ஒங்க டிரைவரு தண்ணி போடுவாரோ? மப்புல கட்டுன கட்டு மாதிரியில்ல இருக்கு."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஐயா சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் நம்பி என் பிள்ளைகளை அந்த ஆளோடு அனுப்பினேனே என்று மெதுவாகச் சொன்னார். கொஞ்சம் கழித்து, புது டிரைவரை வெள்ளிக்கிழமையே வரச் சொல்லிவிடலாம், பின்வீட்டைக் காலி செய்யச் சொல்ல வேண்டியதுதான் என்றார்.

வெள்ளிக்கிழமை என்றால் நாளைக்கு, அத்தா.

அம்மா தஸ்பீஹ் மணியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இத்தாவில் இருக்கிறவள் எந்தத் தெருவில் போய் நிற்பாள்? வெளியே போய் ஒரு வார்த்தை சொல்லவும் அவளால் முடியாது. நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு சங்கதிய மட்டும் சொல்லிராதடி. குடிகாரன்னா ஒரு பேச்சோட போவும். கலரு தெரியாதவன் ஐயா புள்ளைங்கள வச்சு ஓட்டுனான்னு தெரிஞ்சா, இத்தன வருசமும் ஏமாத்துனாங்கன்னு ஆயிரும்."

நேற்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லாவிட்டால் நீங்கள் குடிகாரர். சொன்னால் ஏமாற்றுக்காரர். எதுவானாலும் நாளைக்கு நாங்கள் மூட்டை கட்ட வேண்டும்.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது காரின் இன்ஜின் மூடி திறந்திருந்தது. எலக்ட்ரீசியன் பிளேடை எடுத்துக்கொண்டு இன்ஜின் பக்கத்து நூலையும் அறுக்கக் குனிந்திருந்தார். அந்தப் பக்கமும் போய்விட்டால் பிறகு யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. தாவணியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு கொட்டகை வாசலில் போய் நின்றேன். புத்தகப் பையை இறக்கி வைக்கவும் தோன்றவில்லை.

"அத அறுக்காதீங்க" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "யாரு பாப்பா நீ?"

"ராவுத்தர் மக."

"அட. ஒங்கப்பா என்ன, வயருக்கெல்லாம் தாயத்துக் கட்டி வச்சிருக்காரு?"

"தாயத்து இல்லிங்க. அது எந்த வயருன்னு சொல்லும்."

ஒன்று என்றால் என்ன, இரண்டு என்றால் என்ன என்று சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொல்லச் சொன்னார். பிளேடைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு ஒரு முடிச்சைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். அடுத்ததைத் தடவினார். சின்ன பல்பும் வயரும் வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். நான்கு முடிச்சு டைனமோவுக்குப் போயிருந்தது. மூன்று விளக்குக்குப் போயிருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை, அத்தா.

அப்போதுதான் ஐயா கோர்ட்டிலிருந்து வந்தார். கறுப்புக் கோட்டைக் கழற்றாமலே கொட்டகைக்குள் வந்து நின்றார். எலக்ட்ரீசியன் முடிச்சைக் காட்டி விவரம் சொன்னார். ஐயா என் பக்கம் திரும்பினார்.

"கறுப்பு வயர்னா எல்லாரும் கலர் பெயிண்டுல அடையாளம் வைப்பாங்க. ஒங்கப்பா ஏன் முடிச்சுப் போட்டாரு?"

நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். ஜன்னலுக்குப் பின்னால் அம்மாவின் மணி ஓடுகிற சத்தம் நின்றது. அந்த நேரத்தில் எனக்கு நீங்கள் சொன்ன ஆவுடையார்கோவில் ரோடு ஞாபகம் வந்தது. கேஸ் முடிந்து ஐயாவைக் கூட்டி வரும்போது மழையில் விளக்கு அணைந்து போனதும், டார்ச்சும் எரியாமல் போனதும், நீங்கள் வெறும் விரலால் தேடிப் பிடித்து மாட்டினதும். "இருட்டு வந்துட்டா எனக்கும் ஐயாவுக்கும் ஒரே கண்ணுதான்" என்று வீட்டுக்கு வந்து சொன்னீர்களே.

"இருட்டுல ரோட்டுல நின்னா, விளக்கு இல்லாம கையாலேயே பாக்கலாமுங்க. அதுக்குத்தான்" என்றேன்.

அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை, அவ்வளவுதான்.

ஐயா குனிந்து ஒரு முடிச்சைத் தன் விரலாலேயே தடவிப் பார்த்தார். பிறகு எலக்ட்ரீசியனிடம் சொன்னார். "ஆவுடையார்கோவில் ரோட்டுல ஒரு தடவ நின்னுட்டோம். நல்ல மழை. என் கை எனக்குத் தெரியல. அந்த மனுஷன் பாட்டுக்கு ஏதோ பூக்கட்டுற மாதிரிக் கட்டிட்டு, ஏறுங்க ஐயான்னாரு. எப்படின்னு நான் கேக்கவே இல்ல பாரு." தொண்டையைச் செருமிக்கொண்டார். இன்றைக்கு அந்தச் செருமலுக்கு நான் பயப்படவில்லை.

வயரெல்லாம் மாட்டின பிறகும் பம்பு அடிக்கவில்லை. எலக்ட்ரீசியன் அதைத் திறந்து, உள்ளே கரி பிடித்திருந்த முனையை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தார். இது டிரைவர் குற்றமில்லை ஐயா, மாசக்கணக்கா நின்ன குற்றம் என்று அவராகவே சொன்னார். சாவியைத் திருப்பினார். டிக், டிக், டிக். நீங்கள் இருந்தால் ராசா எந்திரிச்சுட்டான் என்பீர்கள். ஐயா வீட்டுக்குள் போகிறபோது, புது டிரைவர் இத்தா முடிந்தபிறகு வந்தால் போதும் என்று நம் ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அறுத்துப்போட்ட பக்கத்துக்கு முடிச்சுப் போட வேண்டியிருந்தது. உங்கள் டூல்ஸ் பெட்டியில் வலைநூல் உருண்டை இருந்தது. எலக்ட்ரீசியன் வயரைப் பிடித்துக்கொண்டார், நான் போட்டேன். கடைசி வயரின்போது அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"இருட்டுக்குன்னு சொன்ன, சரி. பகல்ல?"

நான் குனிந்தபடி நூலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு முடிச்சைப் பார்த்தார்.

"வேணாம் விடு. அந்த நாலாவது முடிச்சு வழுக்குது பாரு, இறுக்கிப் போடு."

அவர் ஐயாவிடம் சொல்லிவிடுவாரோ என்று இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. சொல்ல மாட்டார் என்றும் தோன்றுகிறது. அவிழ்த்து இறுக்கிப் போட்டேன். இப்போது வழுக்காது, அத்தா. நீங்கள் இழுத்துப் பார்க்கலாம்.

சோற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னேன் அல்லவா. அம்மா என் இடது கையை எடுத்துத் தன் மூக்கில் வைத்தாள். அந்தக் கையிலும் மெழுகு இருந்தது. விடாமல் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து, பெருநாள் சேலையை எடுத்து மடிப்பு மாற்றி மடித்தாள். இத்தா முடிந்த அன்றைக்கு இதைத்தான் உடுத்துவேன், வீட்டுக்குள் உடுத்தினால் யார் கேட்கப் போகிறார்கள் என்றாள். அதற்குப் பிறகு கோட்டைப்பட்டினத்துக்குச் சின்னத்தா வீட்டுக்குப் போவோம். அங்கே என்னைப் பள்ளிக்கூடம் அனுப்புவார்களா என்று தெரியாது. மிச்சமிருந்த நூல் உருண்டை என் பையில் இருக்கிறது.

நீங்கள் போன பிறகும் நான் நிறுத்தவில்லை. பள்ளிக்கூடம் போகிற வழியில் எதைப் பார்த்தாலும் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே போகிறேன். பஸ் ஸ்டாண்டு சுவர் செங்கல். முந்திரித் தோப்பு கிளி. தபால் பெட்டி மிளகாய். நீங்கள் "இது என்ன புள்ள?" என்று கேட்கிற மாதிரியே இருக்கிறது.

ஒன்றை மட்டும் அம்மா சொல்லவிடவில்லை. இப்போது அவள் தூங்குகிறாள். நீங்கள் அதைக் குவியலிலிருந்து எடுத்த கையோடு எவ்வளவு சந்தோஷமாக வந்தீர்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. எத்தனை பெருநாள் அம்மா அதை உடுத்தினாள் என்றும் ஞாபகம் இருக்கிறது. அது அவளுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, அத்தா. இனி அவளுக்கு வேறு சேலை பிடிக்காது.

அந்தச் சேலை செங்கல் இல்லை. கிளி.